செயலாளர் ஆண்டறிக்கை, 2025: காப்பீட்டுக் கட்டணமும் மெடிகேர் அளவுகோலும்

தலைவர், நிர்வாகக் குழுவினர், சொந்தமாகக் கிளினிக் நடத்தும் சக மருத்துவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். உறுப்பினர் சேர்க்கையில் சொல்லும்படி ஒன்றுமில்லை. இந்த ஆண்டு நம் கூட்டங்களை விழுங்கியது ஒரே கேள்விதான்: காப்பீட்டு நிறுவனங்கள் நமக்கு ஒப்புக்கொண்ட கட்டணம் சந்தை நிலவரத்துக்கு மேலா, கீழா?

யாருக்கு எவ்வளவு தருகிறோம் என்பதைக் காப்பீட்டு நிறுவனங்கள் மாதந்தோறும் பொதுவில் வைக்க வேண்டும் என்ற அமெரிக்க அரசின் விதி 2022 ஜூலையில் அமலுக்கு வந்தது. வைக்கிறார்கள். ஆனால் பல கோப்புகள் சாதாரணக் கணினியில் திறக்கவே திறக்காது. திறந்தாலும் பதர்தான் அதிகம். தோல் மருத்துவர் பெயரில் இதய அறுவை சிகிச்சைக் கட்டணம்கூட இருக்கும். அதனால் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்களில், அன்றாடம் பில் போடும் குறியீடுகளை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

ஒப்பிடுவதற்கு, அமெரிக்க அரசு முக்கியமாக முதியோருக்கு நடத்தும் காப்பீடான மெடிகேரின் கட்டணத்தை எடுத்துக்கொண்டோம். “மெடிகேரில் 120 சதவீதம்” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே, எந்த ஆண்டின் மெடிகேர் கட்டணப் பட்டியல்? என் ஒப்பந்தத்தைக் காட்டினால் சட்டச் சிக்கல், ஆகவே ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: 99213 என்ற சாதாரண மறுவருகைக்கு 2020இல் தேசிய சராசரி சுமார் 76 டாலர். மெடிகேர் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மதிப்புப் புள்ளிகள் தந்து, அவற்றை ஒரு புள்ளிக்கான தொகையால் பெருக்கிக் கட்டணம் வகுக்கிறது; 2021இல் அந்தக் குறியீட்டின் புள்ளிகளை உயர்த்தியதால் சுமார் 92. 2020 பட்டியலில் 120 சதவீதம் வாங்குபவருக்கு 91 டாலர் சொச்சம். 2021 பட்டியலில் வெறும் 100 சதவீதம் வாங்குபவர் அவரைவிட ஒரு படி மேல்! புள்ளிகள் மாறாத சிறு அறுவை சிகிச்சைகளில் நிலைமை தலைகீழ். ஒரு புள்ளிக்கான தொகை 2020இல் 36.09 டாலர், 2025இல் 32.35தான். எனவே பழைய பட்டியலைக் கைவிடுமுன் உங்கள் பில்களில் எந்தக் குறியீடு அதிகம் என்று எண்ணிப் பாருங்கள்.

மே மாதம் நான் அனுப்பிய முதல் கணக்குத்தாளில் பிழை. 99213க்கு மெடிகேர் மருத்துவமனை வளாகத்தில் ஒரு தொகையும் சொந்தக் கிளினிக்கில் அதைவிடக் கூடுதலாகவும் தருகிறது. நான் நம் காப்பீட்டுக் கட்டணத்தைக் குறைந்த தொகையால் வகுத்துவிட்டேன். எல்லோருக்கும் சதவீதம் வீங்கித் தெரிந்தது. இரண்டு நாள் மகிழ்ச்சிக்கு வருந்துகிறேன். அந்தத் தாளை அழித்துவிடுங்கள்.

“எல்லோரும் சேர்ந்து ஒரே கட்டணம் கேட்டால் என்ன?” என்று மீண்டும் மீண்டும் கேட்கிறீர்கள். கூடாது. போட்டியாளர்கள் கூடி விலை வகுப்பதற்கு எதிரான 1890ஆம் ஆண்டின் அமெரிக்க ஷெர்மன் சட்டம் இதைத் தடுக்கிறது. அரிசோனாவின் மாரிகோபா மாவட்ட மருத்துவர்கள் தங்கள் அமைப்பு வழியே உச்சக் கட்டணம் வகுத்துக்கொண்டதையே 1982இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. சங்கம் வெற்றுத்தாள்தான் தரும். நிரப்புவதும் பேரம் பேசுவதும் அவரவர் வேலை. தேநீர் இடைவேளைப் பேச்சுக்கும் இந்தத் தடை பொருந்தும்.

திருத்திய தாளில் வட்டார வாரியான மெடிகேர் விகிதம் இன்னும் சேரவில்லை. அடுத்த செயலாளரிடம் அந்த வேலையை ஒப்படைத்து, இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்குமாறு வேண்டுகிறேன்.

இவண்,
செயலாளர்