நாயைத் திட்டிய பாட்டு

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இந்தத் தடவை சோம்பலைக் குறை சொல்லாதே, வலது கண்ணில் புரை எடுத்தார்கள். படிக்கக் கூடாது, டிவி கூடாது, குனியக் கூடாது என்று மகளின் உத்தரவு. காதுக்கு யாரும் தடை போடவில்லையே என்று பேரனின் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு பழைய பாட்டாகக் கேட்டுத் தள்ளினேன்.

விடுதி அறையில் அமெரிக்கப் பாடகர் எல்விஸின் 'ஹவுண்ட் டாக்' (வேட்டை நாய்) கேசட் தேயத் தேய ஓடும்போது நீ ஒன்று கேட்பாய், ஞாபகம் இருக்கிறதா? "ஒரு நாயைப் பிடித்து ஏன்டா இவன் இந்தத் திட்டுத் திட்டுகிறான்?" பாட்டுக்கெல்லாம் அர்த்தம் கேட்காதே என்று சமாளித்தேன். இப்போது பதில் கிடைத்துவிட்டது.

திட்டு வாங்குவது நாயே இல்லை, ஆள். ஒருத்தியின் வீட்டை மோப்பம் பிடித்து வந்து, ஓசிச் சோறு தின்றுகொண்டு ஒட்டிக்கொண்டிருக்கிற ஆண்பிள்ளை. அவனை வாசலைத் தாண்டி விரட்டுகிற பெண்ணின் பாட்டு அது. முதலில் பாடியவர் அமெரிக்காவின் அலபாமாவில் பிறந்த கறுப்பினப் பாடகி வில்லி மே தார்ன்டன். ஆகிருதியைப் பார்த்து 'பிக் மாமா' (பெரிய அம்மா) என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

1952-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஜானி ஓட்டிஸ் என்ற இசைக்குழுத் தலைவர் இரண்டு பையன்களைக் கூப்பிட்டு, இவருக்குப் பாட்டு எழுதுங்கள் என்றார். ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர். இரண்டு பேருக்கும் வயது 19! அந்த அம்மா ஒத்திகையில் பாடுவதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய், கால் மணி நேரத்துக்குள் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்களாம். அவர் காகிதத்தை வாங்கித் தாலாட்டு மாதிரி இழுத்துப் பாட ஆரம்பித்திருக்கிறார். இது அப்படிப் பாடுகிற பாட்டில்லை என்று லீபர் தயங்கித் தயங்கிச் சொல்ல, ஒரு முறை முறைத்தாராம். நீயே பாடிக் காட்டு என்றாகிவிட்டது. ஸ்டோலர் பியானோ வாசிக்க, அந்த ஒல்லிப் பையன் உறுமிக் காட்டினான். அப்புறம்தான் அம்மாவுக்குப் பிடி கிடைத்தது.

ஆகஸ்ட் 13 அன்று ஒலிப்பதிவு. டிரம்ஸ் ஒத்திகையில் இருந்த மாதிரி வரவில்லை என்று ஓட்டிஸே போய் உட்கார்ந்து வாசித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேற்பார்வை பார்த்தது அந்தப் பையன்கள்தான். பீட் லூயிஸின் கிடார் அந்த அம்மாவின் குரலோடு வாய்ச்சண்டை போடுவதையும், கடைசியில் வாத்தியக்காரர்களே நாய் மாதிரி ஊளையிட்டுக் குரைப்பதையும் கேள். 1953-இல் கறுப்பர்களின் இசையான ரிதம் அண்ட் புளூஸ் பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடம். தன் கைக்கு வந்தது 500 டாலருக்கு ஒரே ஒரு செக், அதற்கு மேல் பைசா வரவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இதைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்கு எல்விஸ் பக்கம் போகவே மனசு வரவில்லை.

எல்விஸ் அதை எடுத்தது அவரிடமிருந்து நேராக இல்லை. ஃபிரெடி பெல் என்ற லாஸ் வேகஸ் பாடகர் விரசமான வரிகளை வெட்டிவிட்டு, நீ ஒரு முயலைக்கூடப் பிடித்ததில்லை என்று ஒரு வரியைச் செருகினார். அத்தோடு ஆள் போய் நாயே வந்துவிட்டது. உன் கேள்வி நியாயமான கேள்விதான்! லீபருக்கும் அந்த முயல் வரி கடைசிவரை பிடிக்கவில்லை. 1956-இல் வேகஸுக்குப் பாடப் போன எல்விஸ், பெல் பாடியதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்.

அந்த வருடம் ஜூலை 1 அன்று ஸ்டீவ் ஆலனின் டிவி நிகழ்ச்சியில் அவருக்குக் கோட்டு மாட்டி, தொப்பி வைத்த நிஜ நாய் ஒன்றின் முன்னால் பாட வைத்துக் கேலி பண்ணினார்கள். மறுநாளே நியூயார்க்கில் ஒலிப்பதிவு. போதும் போதும் என்கிற அளவுக்கு 31 டேக். முந்தின நாள் அவமானத்துக்குப் பழி வாங்கினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டி.ஜே. ஃபோன்டானாவின் டிரம்ஸ் வரிக்கு வரி சரவெடி மாதிரி வெடிக்கிறதே, அது போதும், மறுபடி எல்விஸோடு சமாதானமாகிவிட்டேன்.

அதே மாதக் கடைசியில் ஸ்டோலர் ஐரோப்பாவிலிருந்து திரும்பிய 'ஆண்ட்ரியா டோரியா' கப்பல் வழியில் மோதி மூழ்கியது. தப்பி நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியவரிடம் லீபர் ஓடிவந்து சொன்ன சேதி, நம் 'ஹவுண்ட் டாக்' பெரிய ஹிட்! அந்த அம்மாவின் ரெக்கார்டா என்று கேட்டாராம் ஸ்டோலர். இல்லை, எல்விஸ் பிரெஸ்லி என்று ஒரு வெள்ளைக்காரப் பையன் என்றாராம் லீபர்.

தை பிறந்ததும் வருகிறேன். கமலாவிடம் அவரைக்காய்ச் சாம்பார் கேட்டதாகச் சொல். இரண்டு ரெக்கார்டையும் பென்டிரைவில் கொண்டுவருகிறேன். முதலில் அந்த அம்மா பாடட்டும்.

அன்புடன்,
சந்தானம்