துகில் ராத்திரிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த அத்தனை பேருக்கும் விழாக் குழுவின் வணக்கம்.

தீமிதி முடிந்து காப்பு அவிழ்த்தாயிற்று. பந்தல் மூங்கில் இன்னும் பிரிக்கவில்லை, வரவு செலவும் முடியவில்லை. அதெல்லாம் ஆகட்டும் என்று இருந்தால் இந்த மடல் ஆடி மாதம்தான் வரும். அதனால் தூக்கம் தெளியாத கண்ணோடு இப்போதே உட்கார்ந்துவிட்டேன். பாஞ்சாலி துகிலுரிதல் கூத்து நடக்க வேண்டிய அன்று சாயங்காலம் மழையில் வேஷக் கொட்டகை சரிந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. இருந்தவர்கள் பார்த்தீர்கள், இல்லாதவர்கள் செல்போனில் பார்த்துவிட்டீர்கள். அக்னி நட்சத்திரத்தில் மழை பெய்தால் யாராவது திட்டுவார்களா? விவசாயி வீட்டுப் பிள்ளைகள் நாங்கள், அன்றைக்கு வாய் வலிக்கத் திட்டினோம்.

“ஒரு ராத்திரிதானே, இதை விட்டுவிட்டு நாளைக்கு அர்ச்சுனன் தபசிலிருந்து ஆரம்பித்தால் என்ன?” என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள் பெரும்பாலும் சென்னையிலும் ஓசூரிலும் வேலை பார்த்துவிட்டு லீவுக்கு வந்தவர்கள். தப்பாகவும் கேட்கவில்லை. ஆனால் பாரதம் அப்படித் தாண்டிப் போகிற கதை இல்லை. பிற்பகலில் பாரதம் சொல்கிற பிரசங்கியார் கதையை எங்கே கொண்டுவந்து நிறுத்துகிறாரோ, ராத்திரி கூத்து அதை அங்கிருந்து தூக்க வேண்டும். சபையில் பாஞ்சாலி தலைவிரி கோலமாக நின்று, இந்தக் கூந்தலை இனி எப்போது முடிவேன் என்று சபதம் சொன்னால்தான், படுகளத்துக் காலையில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் தொடையைப் பீமன் அடித்ததும் அவள் அதை முடிய முடியும். விரிக்காத கூந்தலை எங்கே முடிவது? கூத்துக் குழுவான ஜமாவின் வாத்தியார் அன்று அதிகம் பேசவில்லை. கவிழ்ந்து கிடந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, “உடுப்பு காஞ்சா ஆடறோம், காயலைன்னா அம்மன் விட்ட வழி” என்றார். அவ்வளவுதான்.

உடுப்பு எப்படிக் காயும்? வேஷக் கொட்டகையின் கீற்று அப்படியே பெட்டிகள் மேல் இறங்கியிருந்தது. அந்த நேரத்தில்தான் அரிதாரத்துக்கு உட்காரப் போகிறோம் என்று எல்லாப் பெட்டியையும் திறந்து வைத்திருந்தார்கள். கிரீடத்துக்கும் புஜக்கட்டைக்கும் பெரிய சேதம் இல்லை. மரம்தானே, துடைத்து வைத்தால் சரியாகிவிடும். ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டும் ஜிகினாத் தாளும் உரிந்துபோனதை நம் பெண் பிள்ளைகள் ஃபெவிகாலோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்கள். துணிதான் பிரச்சினை. வெல்வெட் சட்டைகள், பல அடுக்குப் பாவாடைகள், பாஞ்சாலிக்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டுகிற புடவைகள், எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. பள்ளிக்கூட வராந்தாவில் கயிறு கட்டிப் போட்டோம். மழைக்குப் பிறகு காற்று ஒரு இலையைக்கூட அசைக்கவில்லை. வீட்டுக்கு வீடு இஸ்திரிப் பெட்டி இருக்கிறது, கரண்டு இல்லை. ஜெனரேட்டரும் தண்ணீர் குடித்திருந்தது.

யாரும் கூப்பிடாமல் ஒருத்தர் வந்தார். பஸ் நிறுத்தத்துப் புங்கமரத்தடியில் தள்ளுவண்டி போட்டிருக்கிற இஸ்திரிக்கார அண்ணன். பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். நம் ஊரில் அவருக்குத் தலைக்கட்டு கிடையாது, திருவிழா வரிப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. கூத்தின்மேல் பெரிய பிரியமும் கிடையாது. “விடியக்காலம் கரி மூட்டறவன், நான் எங்க விடிய விடிய கூத்து பாக்கறது?” என்று போன வருஷம் வசூலுக்குப் போனபோது என்னிடமே சொன்னவர். அந்த இருட்டில் சேற்றில் வண்டிச் சக்கரம் மாட்டி மாட்டி வருகிற சத்தம் முதலில் கேட்டது. அப்புறம் பெட்டியின் ஓட்டைகளில் செக்கச் செவேல் என்று கனல் தெரிந்தது. வராந்தாப் படியோரம் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, “எது மொத ஆளு வேஷம்? அதை முன்னாடி குடுங்க” என்றார்.

அவர் வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான், அதைச் சொல்லியே ஆக வேண்டும். நனைந்த துணியில் சூட்டுப் பெட்டியை நேராக வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. முதலில் ஊருக்குள் ஆளனுப்பிக் காய்ந்த வேட்டிகள் கேட்டார். ஒரு வேட்டியை வண்டியில் விரித்து, அதன்மேல் பாவாடையைப் போட்டு, அதன்மேல் இன்னொரு வேட்டியை மூடி, பெட்டியை இழுக்காமல் அழுத்தி அழுத்தி எடுத்தார். பாவாடையில் இருந்த தண்ணீர் வேட்டிக்கு ஏறியது. வேட்டி ஈரமானதும் அதைக் கயிற்றில் போட்டுவிட்டு அடுத்தது. வெல்வெட்டை உள்பக்கம் திருப்பித்தான் தேய்த்தார், மேலே தேய்த்தால் பூ படிந்துவிடுமாம். ஜரிகை வந்த இடத்தில் பெட்டி கொஞ்சம் மேலேயே நின்றது. சூடு எவ்வளவு என்று பார்க்க விரலை நாக்கில் தொட்டு அடித்தட்டில் ஒரு தட்டு. ‘சுர்’ என்று வந்தால் ஒரு துணிக்கு, வராவிட்டால் வேறொரு துணிக்கு. ஆவி எழும்பும்போது அந்துருண்டை வாசனையும் பழைய வியர்வையும் தேங்காயெண்ணெயும் கலந்து ஒரு நெடி வந்தது பாருங்கள், கூத்துப் பெட்டியின் வாசனை. அதை முகர்ந்ததும்தான் ஆட்டம் நடந்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

எனக்கு அவர் கொடுத்த வேலை முறத்தால் கனலை விசிறுவது. நான் ஒருமாதிரி தொண்டை அடைத்து நின்றுகொண்டிருந்தேன். “தம்பி, அழறதை அப்புறம் அழுதுக்கலாம், இப்ப விசிறு” என்றார். விசிறினேன். அவர் கொண்டுவந்த கரி பாதியிலேயே தீர்ந்தது. அடுத்து நடந்ததற்குத் தாய்மார்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அடுப்பெரிக்கச் சேர்த்து வைத்திருந்த தேங்காய்த் தொட்டிகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினார்கள். தொட்டிக் கரி நின்று எரியும் என்று அண்ணனுக்கே சந்தோஷம்.

மிருதங்கக்காரர் அவ்வளவு நேரமும் ஒரு மூலையில் மிருதங்கத்தை மடியில் வைத்துத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தார். தோல் தளர்ந்து சத்தமே எழவில்லை. கனலைப் பார்த்ததும் எழுந்து வந்தார், ஆனால் கிட்டே வரவில்லை. பறை மாதிரி இதை நெருப்பில் காட்ட முடியாது, சூடு ஏறினால் நடுவில் கறுப்பாகப் பூசியிருக்கும் கரணை வெடித்துப் பொருபொருவென உதிர்ந்துவிடும். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். அண்ணன் ஒரு வேட்டியைத் தேய்த்துச் சுடச்சுட மடித்துக் கொடுக்க, அவர் அதை மிருதங்கத்தின் இரண்டு முகத்துக்கும் போர்த்தினார். இன்னொன்று, இன்னொன்று என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் கட்டையால் வாரைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்தார். ‘நம்’ என்று முதல் சொல் விழுந்தபோது வராந்தாவில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. சத்தம் வருவதும் வராததும் ஒரு மழையிலா இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமாக அந்த மத்தளச் சத்தத்தைக் கேட்டால் ஊருக்குத் திருவிழா வந்துவிட்டது என்று மட்டும்தான் நினைப்பேன். அதற்குப் பின்னால் எத்தனை பேர் கையும் கவனமும் இருக்கிறது என்று நினைத்ததில்லை.

திரை பிடித்தபோது நள்ளிரவு எப்போதோ தாண்டிவிட்டது. மைக் இல்லை. பழைய ஆட்கள் மைக் இல்லாமல் ஊர்க்கோடி வரை கேட்கப் பாடினார்கள் என்று தாத்தாக்கள் சொன்னால் நாம் சிரிப்போம். நம்முடையது புரிசைக் கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரான் மாதிரி ஆட்கள் கூத்தை வெளிநாட்டு மேடை வரைக்கும் தூக்கிப் போன வட்டாரம். ஆனாலும் கோடை வந்தால் ரெக்கார்ட் டான்ஸுக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் ஒதுக்குகிற பணத்தைக் கூத்துக்கு ஒதுக்க நாம் மூக்கால் அழுகிறோம். அன்றைக்கு இரண்டு டிராக்டர் விளக்கு வெளிச்சத்தில், வெறும் தொண்டையில், முகவீணைக் குழலும் ஆர்மோனியமும் கூட வர, கடைசிப் பாயில் இருந்த கிழவி வரைக்கும் வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. நான் நடந்து போய்க் கேட்டுப் பார்த்தேன், அதனால்தான் சொல்கிறேன்.

துரியோதனன் சிவப்பு முகத்தோடு கிறுகிறுவென்று சுற்றி வந்து நின்றதும் கூத்தில் கேலி பேசுகிற கட்டியக்காரர் மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். “மகாராஜா, வருஷா வருஷம் கசங்கின சட்டையோட சபைக்கு வருவீங்க. இன்னைக்குத்தான் மடிப்புக் கலையாம வந்திருக்கீங்க. அஸ்தினாபுரத்துக்குப் புது ஆளு வந்திருக்காரு போல!” கூட்டம் மொத்தமும் திரும்பி வராந்தாப் பக்கம் வண்டியைத் தேடியது. அண்ணன் வண்டியில் இல்லை. முன் வரிசையில் குழந்தைகளுக்கு நடுவில் குந்தியிருந்தார். கூத்து பாக்காத ஆள் ஆயிற்றே என்று நான் போய்க் கேட்டதற்கு, “நான் தேச்ச புடவைய எப்படி உருவறான்னு பாத்துட்டுத்தான் போவேன்” என்றார்.

பார்த்தார். துச்சாதனன் வேஷக்காரர் வழக்கம்போல அம்மன் பக்கம் திரும்பிக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் புடவையில் கை வைத்தார். ஒவ்வொரு புடவையாக வரவரப் பெண்கள் பக்கம் சத்தமே இல்லை, பிறகு அழுகை. பாஞ்சாலி வேஷம் கட்டியவர் சபதம் சொல்லும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அன்று காலை அவர் கரி மூட்டவில்லை என்று கேள்விப்பட்டேன். பிறகு குழுவிலிருந்து பணம் கொடுக்கப் போனோம். கரிக் காசை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிவிட்டார்.

மற்றவர்களைச் சேர்த்துச் சொல்கிறேன், குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். லீவிலும் சாவியோடு ஓடி வந்து பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்ட தலைமையாசிரியர், அறுந்த கம்பியைத் தேடி ஈர வயலில் இறங்கிய லைன்மேன், டீசல் கணக்குப் பார்க்காமல் விடிய விடிய டிராக்டரை ஓடவிட்ட இரண்டு வீட்டுக்காரர்கள், விழுந்த கீற்றை அரிவாளோடு வந்து அப்புறப்படுத்திய காலனிப் பிள்ளைகள், ஏரித் தண்ணீர் வழக்கை மறந்து தார்ப்பாய் அனுப்பிய பக்கத்து ஊர், சளைக்காமல் சுக்குக் காபி போட்ட அக்காமார்கள், தாமதம் ஆகிறதே என்று ஒருத்தரும் எழுந்து போகாமல் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்த நீங்கள், எல்லோருக்கும் கும்பிடு. ஜமாவுக்கு என்ன சொல்வது? நனைந்த உடம்போடு ஆடிவிட்டு மறுநாள் தபசு மரமும் ஏறினார்கள். மேலேயிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் விழுந்தபோது கீழே மடியேந்தி நின்ற பெண்களோடு சேர்ந்து நானும் துண்டை ஏந்தினேன். எனக்கு வேண்டுதல் ஒன்றும் இல்லை, இருந்தாலும் ஏந்தினேன்.

குழுவில் பேசி முடிவு செய்ததைச் சொல்லிவிடுகிறேன். வருகிற வருஷம் முதல் ஜமாவின் பெட்டிகள் பள்ளிக்கூடத்துக் கான்கிரீட் தளத்தின் கீழேதான் இறங்கும், கீற்றுக் கொட்டகையில் இல்லை. அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் குழு சாப்பிடும். நோட்டீஸில் பணம் கொடுத்தவர் பெயரைத் தொகைக்குத் தகுந்தபடி பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாகப் போடுகிறோமே, அதைப் பற்றியும் பேச்சு வந்தது. எல்லாப் பெயரும் ஒரே அளவில் வரட்டும் என்றேன். சண்டை நடக்கிறது. நான் விடப்போவதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அன்று ராத்திரி எந்தெந்த வீட்டிலிருந்து வேட்டிகள் வந்தன என்று யாரும் குறித்து வைக்கவில்லை. துவைத்து, அண்ணன் கையாலேயே தேய்த்து, கோயில் அறையில் அடுக்கியிருக்கிறோம். சிலவற்றில் கரிப் பொட்டு போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் பூசை நேரத்தில் வந்தால் அவரவர் கரையைப் பார்த்து எடுத்துப் போகலாம்.