கார் லைசென்ஸும் ஃபோர்க்லிஃப்ட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

‘ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர் தேவை, கார் லைசென்ஸ் போதும்’ என்று, சுமையைத் தூக்கி நகர்த்தும் இந்த வண்டிக்குக் கிடங்குகள் ஆள் எடுக்கின்றன. அந்த லைசென்ஸ் இந்த வேலைக்கு எதையும் நிரூபிப்பதில்லை. தொழிற்சாலை, மதிலுக்குள் மட்டும் ஓடுவதற்கென்றே அமைந்த வண்டியை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 2(28), மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை.

ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தால் திரும்பும். ஸ்டியரிங்கை ஒடித்ததும் வால்பக்கம் எதிர்ப்புறம் வீசும். பக்கத்தில் நிற்பவர் அடிபடுவது அதில்தான். பின் அச்சு நடுவில் ஒரே முளையில் ஆடுவதால், சக்கரம் நான்கானாலும் வண்டி நிற்பது முன்சக்கரம் இரண்டும் அந்த முளையும் சேர்ந்த முக்கோணத்தில். சுமையை உயரத் தூக்கியபடி திருப்பினால் பக்கவாட்டில் சாயும். ஓடும்போது ஃபோர்க் (சுமை தாங்கும் முன்கரங்கள்) தரையிலிருந்து 15–20 செ.மீ. உயரத்தில், மாஸ்ட் (அதை ஏற்றி இறக்கும் செங்குத்துச் சட்டம்) பின்சாய்ந்து இருக்க வேண்டும். சரிவில் இறங்கினால் சுமை மேட்டுப்பக்கம், அதாவது ரிவர்ஸில்.

எவ்வளவு எடை தூக்கலாம் என்று வண்டியில் பொறித்திருக்கும் கொள்ளளவுத் தகட்டை ஆபரேட்டருக்குப் படிக்கத் தெரிகிறதா என்று பாருங்கள். ‘2,500 கிலோ, 500 மி.மீ.’ என்றால், சுமையின் மையம் ஃபோர்க்கின் செங்குத்து முகத்திலிருந்து 500 மி.மீ.க்குள் இருந்தால்தான் அந்த எடை. 1,200 மி.மீ. ஆழமுள்ள பாலெட்டில் (சரக்கு அடுக்கும் தட்டு) மையம் 600க்குப் போய்விடும். தூக்கும் திறன் ஏறக்குறைய 2,250 கிலோவாகக் குறையும். மீறினால் பின்பக்கம் எழும்பும், திருப்பும் சக்கரமும் அங்கேதான் என்பதால் ஸ்டியரிங் முதலில் செத்துவிடும். எடைக்கு எடையாகப் பின்னால் ஆளை ஏற்றுவது பரிகாரமல்ல, கொலைக்கு ஏற்பாடு.

வண்டி கவிழும்போது குதிப்பவர் கூரைச் சட்டத்தின் கீழ் நசுங்குவார். பெல்ட் போட்டு, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, கால்களை ஊன்றி, சாயும் திசைக்கு எதிர்ப்புறம் சாய வேண்டும். கை காலுக்குப் பழக்காமல், வகுப்பில் சொன்னதோடு விட்டால் அந்த நொடியில் நினைவுக்கு வராது.

அமெரிக்காவில் 1999 முதல் பாடம், செய்முறை, பணியிட மதிப்பீடு மூன்றும் கட்டாயம்; மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு. விபத்தோ, நூலிழையில் தப்பிய நிகழ்வோ, வேறு வகை வண்டியோ வந்தால் உடனே மறுபயிற்சி. இங்கே ஒருநாள் வகுப்பு, ஒரு லேமினேட் அட்டை. அட்டையில் எந்த வகை வண்டி, எந்தத் தேதியில், யார் மதிப்பிட்டார் என்பதாவது இருக்கட்டும். கவுண்டர்பேலன்ஸ் (பின்பக்க எடையால் சுமையைச் சமன்செய்யும் வண்டி) ஓட்டுபவரை, அதற்கெனப் பயிற்சி தராமல் ரீச் டிரக்கில் (ஃபோர்க்கை முன்னே நீட்டி உயர அடுக்குகளில் சரக்கு வைக்கும் வண்டி) உட்கார வைக்கக் கூடாது. ஒப்பந்த ஆபரேட்டரை ஒவ்வொரு கிடங்கிலும் அந்தந்த வழித்தடத்தில் ஓட்டவைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, சாவி. ஆபரேட்டர் டீ குடிக்கப் போகும்போது அதை வண்டியிலேயே விட்டுப்போனால், அடுத்து ஏறுகிறவர் யார் என்று யாருக்கும் தெரியாது.

— கிடங்குப் பாதுகாப்புப் பயிற்றுநர், ஒரகடம்