முதல் குரூப் எந்த ஊரில் இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் கல்விப் பக்கத்தில் விண்வெளித் துறையில் சாதித்த பெண்களைப் பற்றி வந்த கட்டுரையை என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். 'மாணவிகளே, துணிந்து வாருங்கள்' என்று கட்டுரை முடிந்திருந்தது. "துணிச்சல் இருக்கிறது அம்மா. முதல் குரூப் எந்த ஊரில் இருக்கிறது என்று போட்டிருக்கிறார்களா?" என்று கேட்டாள். பதினொன்றாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் படிக்கும் பிரிவைத்தான் முதல் குரூப் என்கிறோம். அந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது.

நான் உடன்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் தையல் தொழில் செய்பவள். எங்களுக்கு அடுத்தாற்போல் குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் கோயில் தசராவுக்குப் பேர்போன ஊர். அங்கே வரவிருக்கும் நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அன்று மதியம் ரோகிணி வகைச் சிறு ராக்கெட் ஒன்றையும் ஏவினார்கள். அப்போது எட்டாம் வகுப்பில் இருந்த என் மகள் பள்ளித் திடலிலிருந்து பார்த்திருக்கிறாள். பனைகளுக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு. அது காற்றில் கலைகிறவரை ஒருத்தியும் வகுப்புக்குள் போகவில்லை என்றாள்.

"ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது நம் ஊர் எதற்கு?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. என் வெட்டு மேசையில் அட்லஸை விரித்து, அடிக்கோலை ஸ்ரீஹரிகோட்டாவில் வைத்துத் தெற்கே நீட்டினாள். கோல் இலங்கையின் மேல் விழுந்தது. குலசேகரன்பட்டினத்தில் வைத்தாள், கீழே கடல்தான். துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செயற்கைக்கோளைத் தெற்கு நோக்கி ஏவுகிறார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பினால் இலங்கைக்கு மேலே பறக்காமல் வளைந்து போக வேண்டும். அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகிறது. எஸ்எஸ்எல்வி போன்ற சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். மறுநாள் அறிவியல் ஆசிரியை இதையெல்லாம் விளக்கினாராம். கோணலாக வெட்டினால் எவ்வளவு துணி வீணாகும் என்பது எனக்குத் தெரியும். அதனால் அவள் சொன்னது எனக்கும் உடனே விளங்கியது.

அன்று பிடித்த பேச்சு இன்னும் ஓயவில்லை. சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட்டின், கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் எஞ்சினை 2023 பிப்ரவரியில் எங்களுக்கு மேற்கே உள்ள மகேந்திரகிரியில் 25 விநாடி எரித்துச் சோதித்தார்கள். மைனஸ் 253 டிகிரி குளிரில் இருக்கும் திரவ ஹைட்ரஜனையும் அது எரியும் நெருப்பையும் ஒரே எஞ்சின் எப்படித் தாங்குகிறது என்று இட்லியைப் பிட்டுக் கையில் வைத்துக்கொண்டே கேட்பாள். கிழக்கே ஏவுதளம் வருகிறது, மேற்கே எஞ்சின் சோதனை நடக்கிறது. நடுவில் இருக்கும் இந்தப் பிள்ளைக்குப் படிக்கக் கணிதக் குரூப் இல்லை.

பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் கலைப் பிரிவும் வணிகவியலும் மட்டுமே. கணிதம், இயற்பியல், வேதியியல் படிக்க இரண்டு பஸ் மாறி வேறு ஊருக்குப் போக வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, உண்மை. ஆனால் மாலை சிறப்பு வகுப்பு விட்ட பிறகு எங்கள் ஊருக்கு அந்த பஸ்ஸே இல்லை. "வயதுக்கு வந்த பிள்ளையை அனுப்பிவிட்டு இருட்டில் தினமும் முக்கில் போய் நிற்பாயா?" என்று என் நாத்தனார் கேட்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. 25 ஆண்டுகளுக்கு முன்பு என் வீட்டிலும் இதே பேச்சுதான் நடந்தது. அறிவியலில் 92 வாங்கிய என்னை உள்ளூரில் இருந்த வரலாற்றுக் குரூப்பில் சேர்த்தார்கள். துணிச்சல் அப்போது எனக்கும் இருந்தது.

உங்கள் கட்டுரையில் ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜியின் படம் இருந்தது. செங்கோட்டையில் விவசாயி ஒருவரின் மகள். அங்கே அரசுப் பெண்கள் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிக்குப் போய், 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். அவர் பொறுப்பில் உருவான விண்கலம் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவருடைய உழைப்பை ஒரு குன்றிமணி அளவும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பொறியியலுக்குப் போகத் தேவையான பாடங்களை அவர் படிக்க முடிந்ததே, அதையும் நாம் எழுத வேண்டும்.

இன்னொன்று எனக்கு இன்னும் ஆறவில்லை. பள்ளி மாணவர்களை இரண்டு வாரம் தன் மையங்களில் தங்கவைத்துச் சொல்லித்தரும் யுவிகா என்ற திட்டத்தை இஸ்ரோ 2019இல் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். எட்டாம் வகுப்பு மதிப்பெண் பார்க்கிறார்கள், கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி மதிப்பெண்ணும் உண்டு. போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. இது எங்களுக்குத் தெரிய வந்தபோது என் மகள் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். பள்ளியில் யாரும் சொல்லவில்லை. ஊரில் யாருக்கும் தெரியாது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று இரவு அவளை நான் சாப்பிடச் சொல்லவில்லை.

வாய்ப்பு பள்ளிகளைத் தேடிப் போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஆசாதிசாட் செயற்கைக்கோளுக்கான கருவிகளை 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் செய்தார்கள். மதுரை மாவட்டம் திருமங்கலத்துப் பெண்களும் அதில் உண்டு. 2022 ஆகஸ்டில் ராக்கெட் அதைச் சரியான பாதையில் சேர்க்காததால் அது வீணானது. 2023 பிப்ரவரியில் அடுத்ததான ஆசாதிசாட்-2 சுற்றுப்பாதையை எட்டியது. யாரோ அந்தப் பள்ளிகளைத் தேடிப் போனதால் நடந்தது அது.

விண்வெளி வேலை என்றாலே விஞ்ஞானி என்றுதான் எல்லோரும் எழுதுகிறீர்கள். அதுவும் வேண்டும். திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் சேர ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுத வேண்டும். அது கிடைக்காவிட்டாலும் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் பொறியியல் படித்து 65 சதவீதம் வைத்திருப்பவர்கள் இஸ்ரோவின் எழுத்துத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்போடு ஐடிஐயில் ஃபிட்டர், டர்னர், வெல்டர் படித்தவர்களை டெக்னீஷியனாகவும், டிப்ளமோ முடித்தவர்களைத் தொழில்நுட்ப உதவியாளராகவும் எடுக்கிறார்கள். சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்துத்தான் மேலே போனார். எஞ்சினில் ஒரு வெல்டிங் சரியில்லை என்றால் எந்த விஞ்ஞானியாலும் அதைப் பறக்கவைக்க முடியாது. பெண் பிள்ளை வெல்டர் ஆவதை வீடுகளில் நினைத்துப் பார்ப்பதே இல்லை. அதை நினைக்கவைக்கப் பத்திரிகையால் முடியும்.

நாங்கள் முடிவு செய்துவிட்டோம். ஜூனில் அவள் அந்த இரண்டு பஸ் ஊரில் முதல் குரூப்பில் சேருகிறாள்; இருட்டில் முக்கில் நிற்க நான் தயார். ஆனால் அவளோடு படிக்கும் பெண்களில் கணிதத்தில் அவளைவிடக் கெட்டிக்காரிகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் நிற்க ஆள் இல்லை. ஏவுதளம் வரும் வட்டாரத்தில் பெண்கள் நடந்து போகும் தூரத்தில் கணிதப் பிரிவு திறக்கும்படியும், அதுவரை மாலையில் ஒரு பஸ் விடும்படியும் உங்கள் பத்திரிகை அரசைக் கேட்க வேண்டும். எங்களைப் போன்றவர்கள் எழுதும் மனு எங்கே போகிறது என்று தெரியவில்லை.

இன்னொரு சின்ன உதவி. ஆண்டுதோறும் பிப்ரவரி பிறந்ததும் யுவிகா விண்ணப்பம் பற்றி முதல் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். பக்கத்து வீட்டுப் பெண் இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உடன்குடி வட்டாரம், தூத்துக்குடி மாவட்டம்.