நாய் மோப்பமும் புற்றுநோயும்

ஆசிரியருக்கு,

வணக்கம். வளர்ப்பு நாய்கள் புற்றுநோயை மோப்பம் பிடிக்கும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விஷயம் பொய்யில்லை. ஆனால் வீட்டில் ஒரு நாய் இருந்தால் ஸ்கேனே தேவையில்லை என்கிற மாதிரி முடித்துவிட்டீர்களே, அதுதான் உறுத்துகிறது.

1989-இல் லண்டன் மருத்துவர்கள் இருவர் 'லான்செட்' மருத்துவ இதழுக்கு ஒரு தகவல் எழுதினார்கள் (அதுவும் ஆசிரியருக்குக் கடிதம்தான்!). ஒரு பெண்ணின் காலில் இருந்த மச்சத்தை அவர் வளர்த்த நாய் பேன்ட்டுக்கு மேலேகூட விடாமல் முகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது, மற்ற மச்சங்களைச் சீண்டவே இல்லை, ஒருநாள் அவர் ஷார்ட்ஸ் போட்டிருந்தபோது கடித்தே எடுக்கப் பார்த்திருக்கிறது. மருத்துவரிடம் காட்டினால் மெலனோமா, அதாவது தோல் புற்றுநோய். இதை நன்றாகவே எழுதியிருந்தீர்கள்.

சரி, அப்புறம் 2004-இல் இங்கிலாந்தின் அமர்ஷாமில் நடந்த ஆய்வு? புற்றுநோய் இல்லை என்று பார்த்துச் சேர்த்த ஒருவரின் சிறுநீரை, பயிற்சியின்போது எல்லா நாய்களும் 'இருக்கிறது' என்றே காட்ட, மறுபடி சோதித்தால் அவருக்குச் சிறுநீரகத்தில் கட்டி. இதையும் எழுதினீர்கள். ஆனால் முடிவை ஏன் விட்டீர்கள்? ஏழு மாதிரிகளில் சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளியின் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு நாய்கள், 54 முயற்சி, 22 சரி. 41 சதவீதம். குருட்டாம்போக்கில் காட்டினால் 14 சதவீதம்தான் வரும், ஆக நாய்க்கு ஏதோ வாசனை தெரிகிறது என்பது உண்மை, அதே சமயம் பாதிக்கு மேல் தவறவிட்டது என்பதும் உண்மை. ஜப்பானில் 2011-இல் வெளியான ஆய்வில் ஒரு லாப்ரடார் பெருங்குடல் புற்றுநோயை மல மாதிரியில் 38-க்கு 37 முறை சரியாகக் காட்டியது, ஆனால் அது ஒரே ஒரு நாய்.

இந்த இரண்டு ஆய்வுகளிலும் இருந்தவை பயிற்சி பெற்ற நாய்கள். நம் வீட்டு நாய் மீன் கழுவிய கையைக்கூட அரைமணி நேரம் முகரும்! அது ஒரே இடத்தை ஓயாமல் முகர்ந்தால் மருத்துவரிடம் காட்டுவதில் தப்பில்லை. பயமெல்லாம் மறுபக்கம்தான், 'நாய் ஒன்றும் செய்யவில்லையே' என்று கட்டியோடு சும்மா இருந்துவிடுபவர்களை நினைத்து.

அரைப்பக்கத்துக்கு நாய்ப் படம் போட்டிருந்தீர்கள். அதைக் கொஞ்சம் சுருக்கி, மார்பில் கட்டி, வாயில் ஆறாத புண், வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம், இவற்றுக்கு உடனே மருத்துவரைப் பாருங்கள் என்று நாலு வரி போட்டிருக்கலாம். அடுத்த இதழிலாவது போடுங்கள்.

இப்படிக்கு,
நாய் வளர்க்கும் ஒரு வாசகி