ஒலிபெருக்கி லாரியைக் கொஞ்சம் தள்ளி விடுங்கள்

எங்கள் ஊர்ச் சீனக் கோயில் ஊர்வலக் குழுப் பெரியவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கும் தமிழன் நான். சாமி புறப்படும் இரவு கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். சாமியைப் பார்க்க என்று வீட்டில் சொல்வேன். உண்மையில், தென்சீனத்துச் சாவ்சோவைப் பூர்வீகமாகக் கொண்ட தியோச்சூக்காரர்களின் முரசுக் குழுவைக் கேட்கத்தான். இந்த வருடம் கேட்கவே முடியவில்லை. அவர்களுக்கு நேர் முன்னால் ஒரு லாரி, அதன் மேல் ஆள் உயர ஸ்பீக்கர்கள், டிஸ்கோ பாட்டு.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. ஆனாலும் சொல்கிறேன். அந்தக் குழுவுக்கு முரசுக்காரர்தான் தலைவர். அவர் குச்சியைத் தூக்குவதைப் பார்த்தும் அடியைக் கேட்டும்தான் சேகண்டிக்காரர்களும் பிரம்மதாளக்காரர்களும் தங்கள் இடத்தைப் பிடிக்கிறார்கள். எங்கள் தவில்காரர் சொற்கட்டு சொல்லிப் படிப்பது போல இவர்களும் அடிகளை வாயால் சொல்லித்தான் மனப்பாடம் செய்கிறார்கள். அப்படிப்பட்டவர்களின் காதை அடைத்துவிட்டால்? சந்து முனையில் ஒரு பையன் தாளத்தை முன்னதாகவே தட்டிவிட்டான். முரசடிக்கும் கிழவர் லாரியை ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் கடைசி வரை வெறும் நடை அடிதான். சுவோனா என்கிற சீன நாயனத்தையும் இடுப்பில் செருகிவிட்டார்கள்.

இது ஏதோ தெருச் சத்தம் என்று உங்கள் இளைஞர்கள் நினைக்கலாம். 1957-ல் மாஸ்கோவில் நடந்த உலக இளைஞர் விழாவில் சாவ்சோவின் பெரிய முரசுக் குழு தங்கப் பதக்கம் வாங்கியது. வலை வீசி மீன் பிடிப்பதைச் சேகண்டியும் முரசுமாகச் சொல்லும் உருப்படி அது. 2006-ல் சீனா தன் தேசிய மரபுப் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டபோது சாவ்சோ இசையும் அதில் இருந்தது. நம் மலேசிய ஜொகூருக்கும் அது அன்னியமில்லை. 1844 முதல் ஆற்றுச் சீட்டு, அதாவது ஆற்றங்கரையில் பயிர் செய்ய அனுமதி, வாங்கிக் காட்டை அழித்து மிளகும் தோல் பதனிட உதவும் கம்பிரும் போட்டவர்களில் பெரும்பாலோர் தியோச்சூக்காரர்கள். ஜொகூர் பாருவுக்கே, சாவ்சோ பக்கத்துத் துறைமுகமான சுவாத்தாவை வைத்து, 'சின்ன சுவாத்தாவ்' என்று பேர் இருந்ததே!

எங்கள் தைப்பூசத்திலும் இதே மல்லுதான், ஒளிக்கவில்லை. உறுமியை அமுக்கும் ஸ்பீக்கர் அங்கேயும் உண்டு. அந்தக் குழுவுக்கும் எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.

நான் கேட்பது பெரிதில்லை. லாரியை நிறுத்தச் சொல்லவில்லை. வாடகை கொடுத்தவர்களுக்கும் ஆசை இருக்கும். அதை ஊர்வலத்தின் வாலுக்கு அனுப்புங்கள். முரசுக் குழுவுக்கு முன்னும் பின்னும் நூறு அடியாவது சும்மா விடுங்கள். அப்புறம், ஏதாவது ஓர் இடத்தில் பத்து நிமிடம் நிறுத்தி ஓர் உருப்படியை முழுசாக வாசிக்க விடுங்கள்.

இடம் கிடைக்கவில்லை என்றால் என் கடை வாசல் இருக்கிறது. அன்றைக்கு எல்லோருக்கும் தேநீர் என் பொறுப்பு. கிழவருக்குச் சர்க்கரை போடக் கூடாதாம், கேட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்கம்பக்கத்துக் கடைக்காரன்