மடு யாத்திரை தண்ணீர்ப்பந்தல்: சனி சிரமதானம்

இயேசுவுக்குப் புகழ். ஆவணி (ஓகஸ்ட்) 15 மடு மாதா திருவிழாவுக்கு நடந்து போற சனம் இப்பவே றோட்டில தெரியுது. வாற சனி காலமை 6 மணிக்குக் கோயில் முற்றத்தில கூடுவம். பற்றை வெட்ட வேணும், தறப்பாள் கட்ட வேணும். மண்வெட்டி, கத்தி உள்ளவை கொண்டு வாங்கோ.

கிடாரம் ரெண்டு கிடைச்சிட்டுது. தேசிக்காய், சீனி, உப்புத்தான் தேவை. வெறும் தண்ணியை மட்டும் குடுத்து அனுப்பாதேங்கோ, இந்த வெயிலுக்கு உப்பும் சேர வேணும். கால் கொப்பளிச்சு வாறவைக்கு இருக்க வாங்கும் ஒரு வாளி தண்ணியும் வைக்கிற பொறுப்பு இளைஞர் மன்றத்துக்கு. பாடகர் குழு வழமைபோலப் பிந்தாதேங்கோ!

போன முறை பங்குச் சுவாமிதான் நிண்டு கோப்பை கழுவினவர். அவருக்கு மூண்டு கோயில் பூசை இருக்கு, பந்தல் எங்கட வேலை. 2008இல சண்டைக்குள்ள மடுவில இருந்து மாதாவின்ர சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோன நேரம் நாங்களும் வழிநெடுகத் தண்ணி கேட்டுத் திரிஞ்ச சனந்தானே.

சைவ வீட்டு அக்காமாரும் மோர் தாறம் எண்டிருக்கினம். சாமான் ஏத்த லாண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) தரக்கூடியவை இண்டைக்கு இரவுக்குள்ள இதில போடுங்கோ.